ஆம்புலன்ஸ் மேடையும் அறுந்த ஒயரும்

1. மணல் மூட்டை நோயாளி

ஆரணியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸில் நான் முதன்முதலாக ஏறிய அன்று, ஸ்ட்ரெச்சரில் மனிதர் யாரும் இல்லை. ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி பெல்ட் போட்டுக் கட்டியிருந்தோம். டிரைவர் பாபு அண்ணன் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மேடம், மணல் மூட்டைக்கா இவ்ளோ சொகுசு? ஆளுங்களயே நாங்க இப்டி ஏத்தினு போனது இல்ல."

ராணிப்பேட்டைப் பக்கம் வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். படித்தது பாலிடெக்னிக் டிப்ளமோ. வீடு சேவூர். ஓய்வு பெற்றது போன வருடம். பஸ், லாரி, டிராக்டர் என்று எத்தனையோ வண்டிகளின் ஆட்டத்தை அளந்திருக்கிறேன். ஆனால் வேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆம்புலன்ஸ் மேடைதான்.

மேடை என்று நாங்கள் சொன்னது ஸ்ட்ரெச்சருக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம். நான்கு மூலையிலும் ஸ்பிரிங், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஆட்டத்தை அடக்கும் ஒரு டாம்பர். சாதாரண டாம்பருக்குள் வெறும் எண்ணெய் இருக்கும். இது எம்.ஆர். டாம்பர், இதன் எண்ணெயில் மிக நைசான இரும்புத் தூள் கலந்திருக்கும். உள்ளே ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். காயிலில் கரண்ட் பாய்ந்தால் இரும்புத் தூள் வரிசை கட்டி நின்று, எண்ணெய் இறுகிவிடும். கரண்டை நிறுத்தினால் பழையபடி இளகிவிடும். கண் இமைப்பதற்குள் இரண்டும் நடந்து முடியும்.

இது எதற்கு என்று பாபு அண்ணன் கேட்டார். டாம்பர் எப்போதும் இறுக்கமாக இருந்தால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழியும் அப்படியே நோயாளியின் முதுகுக்குப் போகும். எப்போதும் தளர்வாக இருந்தால், வேகத்தடை தாண்டிய பிறகும் மேடை தூளி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதை சென்சார் பார்த்துச் சொல்லும்; கன்ட்ரோலர் அதற்கேற்ப கரண்டைக் கூட்டும், குறைக்கும். மேடையைத் தூக்கவோ தள்ளவோ இதில் மோட்டார் கிடையாது. தடுக்கிற அளவை மட்டும் மாற்றிக்கொள்ளும். அதனால்தான் செமி ஆக்டிவ் என்று பெயர்.

வேலூர் ரோட்டில் கண்ணமங்கலம் வரை போய்த் திரும்பினோம். வண்டித் தளத்தில் வைத்த சென்சாரின் கிராஃபில் வேகத்தடைகள் எல்லாம் பனைமர உயரத்துக்கு எகிறியிருந்தன. மேடையில் வைத்த சென்சாரில் சின்னச் சின்ன மேடுகள்தான். எங்கள் மேனேஜர் சந்தானம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவமனை வாசலிலேயே லேப்டாப்பைத் திறந்து, வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

எமர்ஜென்சி வார்டின் லூர்து சிஸ்டரும் வந்து பார்த்தார். கிராஃபைப் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கரண்ட் போனா இது இன்னா ஆவும் சார்?"

"வண்டி பேட்டரியில ஓடுதும்மா. எப்படிப் போகும்?"

"அப்டியும் போயிட்டா சார்?"

"தளர்ந்துரும். ஸ்பிரிங் தாங்கும்."

"ஸ்பிரிங் மட்டுமா? அப்போ தூக்கித் தூக்கிப் போடுமே. மேடைய அசையாம பூட்டி வைக்க ஏதாச்சும் வழி பண்ணிக் குடுங்க. அப்புறமா பேஷண்ட ஏத்துறேன்."

சாருக்கு முகம் சுருங்கியது. எடை கூடும், அவசியமே இல்லை என்றார். சிஸ்டர் அசையவில்லை. கடைசியில் நான்கு மூலையிலும் லாக் பின் போடும் துளை வைத்துக் கொடுத்தோம். மேடையைக் கீழே அழுத்தி நான்கு பின்னையும் செருகிவிட்டால் அது அசையாத சாதாரண ஸ்ட்ரெச்சர் ஆகிவிடும். பின்களை ஒரு துணிப்பையில் போட்டுப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டேன்.

2. ஏழுமலை

டாக்டர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு மேடை வேலைக்கு வந்தது. கால் முறிந்தவர்கள், ஆபரேஷன் முடிந்தவர்கள் என்று பலர் அதில் வேலூருக்குப் போனார்கள். தொந்தரவு எதுவும் வரவில்லை. சேகரித்து வைத்த ரீடிங்கை எடுக்க நான் அவ்வப்போது மருத்துவமனைக்குப் போவேன்.

அப்படிப் போயிருந்த ஒரு மதியம்தான் ஏழுமலையைக் கொண்டுவந்தார்கள். கொத்தனார், முப்பது வயது இருக்கும். சேவூரில் ஒரு வீட்டின் மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். கூட வந்த மனைவி செல்வி பட்டு நெசவுக்குப் பாவு ஓட்டும் இடத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சிஸ்டரையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார்.

"இடுப்புக்கு மேல முதுகெலும்பு ஒண்ணு உடைஞ்சிருக்கு. நரம்பு இன்னும் தப்பிச்சிருக்கு, கால் விரல் ஆடுது. ஆடுற விரலோட வேலூர்ல கொண்டுபோய்ச் சேர்க்கணும். அசங்கினா கால் போயிடும். மேடை இருக்கிற வண்டியிலேயே போகட்டும். நீங்களும் கூடப் போங்க மேடம்."

பலகையோடு சேர்த்துக் கட்டி, கழுத்துக்குப் பட்டை போட்டு ஏற்றினோம். தலைமாட்டில் சிஸ்டர், கால்மாட்டில் செல்வி, கன்ட்ரோலர் பெட்டிக்குப் பக்கத்தில் நான். வண்டி கிளம்பியதிலிருந்து சிஸ்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏழுமல, வெரல ஆட்டு."

ஆட்டுவார். செல்வி பாதத்தைப் பார்த்துத் தலையசைப்பார்.

டவுன் தாண்டும் வரை மேடை அருமையாக வேலை செய்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்ச் குலுங்கியது, ஏழுமலை குலுங்கவில்லை. "வலி எப்பிடி கீது?" என்று செல்வி கேட்டதற்கு, "படுத்துகினு இருந்தா பரவால்ல" என்றார். என் வேலையை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. பாபு அண்ணன் மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினார். அடுத்த நொடி பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடை மேலே எழும்பி இறங்கியது, மறுபடி எழும்பியது. இரண்டாம் தடவை இறங்கும்போது அடியில் இருந்த ஸ்டாப்பரில் டங்கென்று மோதியது.

ஏழுமலை அலறினார். அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அண்ணா, ஓரங்கட்டுங்க!" என்று கத்தினேன். செல்வி இரண்டு கைகளாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வண்டி நின்ற பிறகும் மேடை ஆடி அடங்கக் கொஞ்சம் நேரமானது.

"ஏழுமல, வெரல ஆட்டு."

எதுவும் அசையவில்லை.

"ஆட்டுடா கண்ணு."

"தெரில சிஸ்டர். மரத்துப்போன மாதிரி கீது."

செல்வி அழவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். கன்ட்ரோலருக்குப் பேட்டரி வருகிறது. டாம்பர்களுக்குக் கரண்ட் போகவில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டினேன். விளக்கு மாறவில்லை. எங்கே விட்டுப்போயிற்று என்று ரோட்டோரத்தில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வேறு வண்டியை வரவழைத்தால் அவரைத் தூக்கி மாற்ற வேண்டும். அதுதான் இருப்பதிலேயே ஆபத்து என்று சிஸ்டர் சொன்னார்.

"அந்தப் பின்ன எடுங்க மேடம்," என்றார். "பூட்டிட்டு மெள்ளப் போலாம்."

பின்னைச் செருக வேண்டுமென்றால் மேடையைக் கடைசி வரை கீழே அழுத்த வேண்டும். அதுவும் நான்கு மூலையிலும் ஒரே சீராக. ஒரு மூலை முந்தினால் மேடை சாயும். மேடையோடு முதுகும் முறுக்கும். ஏழுமலையின் தலையைப் பிடித்திருந்த சிஸ்டர் கையை எடுக்க முடியாது. பாபு அண்ணன், செல்வி, நான். இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

பாபு அண்ணன் ரோட்டில் குதித்துக் கையைக் காட்டினார். பால் கேன் கட்டிய டிவிஎஸ் வண்டியில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, வண்டிய போட்டுட்டு ஜல்தியா வாங்க! ஒரு உசுரு கீது உள்ள!"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஏறி வந்தார். ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

"நான் சொல்லும்போது அழுத்துங்க. மெதுவா. என் கையப் பார்த்துகிட்டே அழுத்துங்க. நடுவுல விட்றாதீங்க," என்றேன்.

மேடை இறங்கியது. ஏழுமலை பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அழுத்தின கையை எடுக்காமலேயே மறு கையால் என் பக்கத்துப் பின்னைச் செருகினேன். பாபு அண்ணனும் செருகிவிட்டார். பெரியவரும் செருகிவிட்டார். செல்வி பக்கம் மட்டும் துளை நேராக வரவில்லை. வண்டி ரோட்டோரச் சரிவில் நின்றிருந்ததால் அந்த மூலை ஒரு விரல்கடை மேலேயே நின்றது. செல்வி முழங்காலை மடித்து, தன் எடையை முழுக்க அந்த மூலையில் இறக்கினார். பெரியவர் எட்டிக் கைகொடுத்தார். பின் உள்ளே போனது.

மேடை பூட்டியாகிவிட்டது. பெரியவர் இறங்கிக்கொண்டார். இனி அது வெறும் இரும்பு. குலுக்கலைக் குறைக்க மிஞ்சியிருந்தது பிரேக் மேல் இருந்த பாபு அண்ணனின் கால் மட்டும்தான்.

அவர் ஓட்டிய மாதிரி ஒருவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. குழி வரும் முன்பே குரல் கொடுப்பார்: "லெஃப்ட்ல ஒண்ணு வந்துகினு கீது, புடிச்சிக்கோங்க." நாங்கள் மூவரும் பலகையைப் பிடித்துக்கொள்வோம். நடைவேகத்தில் இறக்கி ஏற்றுவார்.

சிஸ்டர் பாதத்துப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி கேட்டார். விரல் அசையவில்லை. மறுபடி கேட்டார். வேலூர் எல்லைக்குள் நுழையும்போது செல்விதான் முதலில் பார்த்தார்.

"சிஸ்டர், வலது பக்கம். கட்ட வெரலு. ஆட்டறாரு!"

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னொரு தபா ஆட்டு." ஆட்டினார். நான் திரும்பி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

3. என்ன அறுந்தது

மறுநாள் மேடையைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனோம். கன்ட்ரோலரிலிருந்து டாம்பர்களுக்குப் போகும் பொது ஒயர் மேடையோடு சேர்ந்து மேலும் கீழும் மடங்கும் இடத்தில், உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெளியே ரப்பர் உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

சந்தானம் சார் அறுந்த முனையைப் பார்த்து நிம்மதியானார். "அவ்வளவுதானே கிரேஸ்? நல்ல ஒயரா போட்டுடலாம். இரண்டு லைனா இழுத்துடலாம்."

"போடலாம் சார். அந்த ரெண்டும் போனா?"

"எல்லாமே போனா எல்லாமே போகும்மா. அப்படிப் பார்த்தா எதையும் செய்ய முடியாது."

நான் கேட்டது வேறு. காயிலுக்குள் ஒரு நிரந்தரக் காந்தத்தையும் வைத்துவிட்டால், கரண்டே இல்லாதபோதும் எண்ணெய் நடுத்தர இறுக்கத்தில் நிற்கும். தளர வேண்டுமானால் காந்தத்துக்கு எதிராகக் கரண்ட் கொடுக்கலாம். இன்னும் இறுக வேண்டுமானால் அதே திசையில் கொடுக்கலாம். ஒயர் அறுந்தால் மேடை பழைய காலத்து ஷாக் அப்சார்பர் மாதிரி ஆகும். சொகுசு போகும், தூக்கிப் போடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் முன்பே செய்து பார்த்ததுதான். ஆனால் எங்கள் டாம்பரை முதலிலிருந்து மறுபடி வரைய வேண்டியிருக்கும். சார் முடியாது என்றார். இரண்டு வாரம் இதே பேச்சு. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

கடைசியில் ஒரு நாள், "சார், ஒரு தடவை நீங்களே படுத்துப் பாருங்க," என்றேன். கோபத்தில்தான் ஒத்துக்கொண்டார். பழைய மேடையை வண்டியில் மாட்டி, அவரைப் படுக்கவைத்து பெல்ட் போட்டேன். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். கம்பெனி வாசலில் இருந்த வேகத்தடையில் பாபு அண்ணன் வண்டியை ஏற்றி இறக்கினார்.

"நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!"

முதுகில் ஒன்றும் உடையாத மனிதர். எழுந்து உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "டிராயிங்கை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

ஏழுமலைக்கு முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இடது பாதம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். சாரம் ஏறுவதில்லை, டைல்ஸ் பதிக்கிறார். அந்த மோதலில் அவருக்கு ஏதாவது கெட்டதா, அதற்கு முன் மேடை அவரைக் காப்பாற்றியதா என்று வேலூர் டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டையும் சொல்ல முடியாதும்மா," என்றார். இன்றுவரை எனக்கும் தெரியாது. பால்காரப் பெரியவரின் பெயரும் தெரியாது. மறுபடி அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் தேடினேன், கண்ணில் படவில்லை.

காந்தம் வைத்த மேடை தயாரானதும், வாங்க வந்தவர்களுக்கு கிராஃப் காட்டுவதை சந்தானம் சார் இரண்டாவதாக வைத்துக்கொண்டார். முதலில் அவர்களைப் படுக்கச் சொல்வார். அவர்கள் கண்ணெதிரிலேயே பிளக்கைப் பிடுங்கி, வண்டியை வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்வார். "இதுதான் சார் இதோட மோசமான நிலைமை. இதுக்குச் சம்மதம்னா மத்ததப் பேசலாம்," என்பார். சிலர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் வாங்கினார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். நீங்கள் செய்த பொருள் நன்றாக ஓடும்போது அதைப் பாராட்ட நிறையப் பேர் வருவார்கள். அது நின்றுபோகும்போது மேலே ஒருவர் கட்டப்பட்டுப் படுத்திருப்பார். அவரால் எழுந்து ஓட முடியாது. டிசைனை அவரிடமிருந்து தொடங்குங்கள்.