கல்லுக்கு மாவு பூசிய வக்கீல்

தென்காசி கோர்ட்டு வாசலில் வக்கீல் ஆறுமுகநயினாரைக் கண்டால் கட்சிக்காரர்களே கொஞ்சம் பதுங்குவார்கள். வாய்தா எப்போது என்று கேட்டால் பாண்டியர் காலத்திலிருந்து ஆரம்பிப்பார் என்ற பயம்தான். சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்க வரும் சொந்தக்காரர்களை அருவிக்கு முன்னால் ஏதாவது ஒரு கல்வெட்டுக்குக் கூட்டிப்போவார். எண்ணெய் வழியும் தலையோடு அவர்கள் வெயிலில் நின்று, எழுதி வைத்த ராஜாவின் வம்சத்தையே சபிப்பார்கள். குளத்தில் குப்பை கொட்டினால் வழக்கு, பொதுப்பாதையை அடைத்தால் வழக்கு. எல்லாம் காசு வாங்காமல். அவர் மனைவி ரத்தினத்துக்கு அதில்கூட வருத்தமில்லை. எழுத்துத் தெரியக் கல்வெட்டில் பூசுவதற்காக அவள் அடுக்களையிலிருந்து மைதாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதில்தான் வருத்தம்.

"ஊருல மைதால புரோட்டா சுடுதாவ. எங்க வீட்டுல பாறைக்குப் பவுடர் போடுதாவ" என்பாள்.

அப்படிப்பட்டவரைத் தேடி அச்சன்புதூர் விவசாயிகள் வந்தார்கள். அவர்களுடைய வாய்க்காலை மூடி, மேலே ரோடு போட்டுத் தங்கசாமி என்பவர் பிளாட் விற்கப்போகிறார். மூடிவிட்டால் கீழ்வயல்களுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆறுமுகநயினார் வழக்குப் போட்டார். அதோடு விடாமல் வாய்க்கால் கரையெல்லாம் அலைந்து, முள்ளுக்குள் ஒரு கல்வெட்டையும் கண்டுபிடித்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் அப்படிக் கலங்கவில்லை என்று ரத்தினம் இன்றும் சொல்வாள்.

கோர்ட்டிலிருந்து நேராக வந்ததால் கறுப்புக் கோட்டோடே வேலையில் இறங்கினார். குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கல்லைக் கழுவினார். மாவு பூசினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்தார். ஊருக்குப் பொதுவாக வெட்டிய வாய்க்கால் என்பதுவரை வந்துவிட்டது. அதன் எல்லைகளைச் சொல்லும் அடிப்பகுதிக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. மீதிக்கு அடுத்த வாரம் வருவதாகக் கல்லிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார். அத்தனையையும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் வாய் பிளந்து பார்த்திருந்தாள். வக்கீலுக்கு அம்மன் காட்சி கொடுத்தாள் என்ற சேதி விடிவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் போனபோது கல்லைக் காணோம். ஓலைப் பந்தலுக்குக் கீழே, மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றி, வெள்ளிக் கண் பதித்து ஒரு அம்மன் நின்றிருந்தாள். அவர் சேலையை விலக்கப் போனார். முப்பிடாதியம்மாள் குறுக்கே வந்தாள்.

"என்ன வக்கீலய்யா செய்யுதிய? பொம்பளத் தெய்வம் சேலையில கை வைக்கியளே."

"ஆச்சி, இது சாமி இல்ல. கல்வெட்டு."

"அப்பம் அன்னைக்கு அபிஷேகம் பண்ணி மந்திரம் சொன்னது யாராம்?"

ஊரையே குறுக்கு விசாரணை செய்தவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்தார்.

இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட்டு, வேல்விழி என்ற இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. தங்கசாமியும் வந்தார். கூடவே ஒரு ஜேசிபியும் வந்து நின்றது. வெறும் கல் என்றால் பெயர்த்து ஓரமாக வைத்துவிடுவதாகவும், கல்வெட்டு என்று மனு போட்டவரே இது கல்லா சாமியா என்று சொல்லட்டும் என்றும் தங்கசாமி சிரித்தார்.

வேல்விழி ஆறுமுகநயினாரைப் பார்த்தாள். பந்தலில் கூடியிருந்த ஊர்ப் பெண்களும் பார்த்தார்கள். கல் என்றால் அடிவரிகளைப் படிக்க ஒரு வழி பிறக்கலாம், அல்லது ஜேசிபி முந்திக்கொள்ளலாம். சாமி என்றால் அவர் கண்டெடுத்த சாட்சி மஞ்சளுக்கு அடியிலேயே போய்விடும். கல்வெட்டில் எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று ஊர் ஊராகக் கத்திய தொண்டை அது. கீழ்வயலில் பயிர் வாடி நின்றது. அவர் மெல்லக் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"செருப்பக் கழத்திப் போட்டுட்டுப் பேசுங்க, அண்ணாச்சி" என்றார் தங்கசாமியிடம்.

முதலில் கீழே குதித்துச் செருப்பைக் கழற்றியது ஜேசிபி டிரைவர்தான். பெண்கள் குலவை போட்டார்கள். வேறு வழியில்லாமல் தங்கசாமியும் கழற்றினார்.

அம்மன் நிற்கும் கரையில் அதன்பிறகு யாரும் கை வைக்கத் துணியவில்லை. வாய்க்கால் தப்பித்தது. தங்கசாமி வரைபடத்தை மாற்றி, அம்மன் சன்னதி எதிரே வாய்க்கால் கரை மனைகள் என்று விளம்பரம் செய்து முன்னைவிட ஜோராக விற்றார்.

இப்போதெல்லாம் வருஷா வருஷம் அம்மனுக்கு எடுக்கும் கொடைவிழாவில், பழைய மஞ்சளைக் கழுவிய பிறகு பூசாரி பாலபிஷேகம் தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் கல் கல்லாக இருக்கும். அப்போது ஆறுமுகநயினார் அம்மன் காலடியில் குப்புற விழுந்து கிடப்பார். இப்படி ஒரு பக்தியைக் கண்டதில்லை என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

போன கொடையில் ரத்தினம் அவரைக் கைதூக்கி எழுப்பி, மேலெல்லாம் வழிந்த பாலை முந்தானையால் துடைத்துவிட்டபடி, இந்த வருஷம் எவ்வளவு தேறியது என்று காதுக்குள் கேட்டாள்.

"அரை வரி" என்றார் அவர். "அதுக்குள்ள ஊத்திட்டான், பாவி."