ஞாயிற்றுக்கிழமை ஓடைத் தண்ணீர்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குப் பாய்லர் வேலை. அயர்ன் மேசைகளுக்கு நீராவி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்துக் குடும்பம். உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான்.

கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. அதன் கீழ்ப்பக்கத்தில் ஓர் அக்கா ஓடைத் தண்ணீரை இறைத்துக் கீரை போட்டு வந்தார். ஓடை மெலிந்துபோன அந்தக் கோடையில் இலை நுனியெல்லாம் கருகியது. மறுபடி விதைத்ததும் கருகியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கீரைக்காட்டை விட்டுவிட்டுக் கம்பெனிக்கே வந்துவிடுவதாகவும், செக்கிங் வேலைக்கு மேனேஜரிடம் சொல்லிவைக்கும்படியும் கேட்டார். சொல்லிவைத்தேன். ஆனால் அவர் நாளெல்லாம் டியூப்லைட்டின் கீழ் நின்று பனியனைப் புரட்டிப் பழுது தேடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திருப்பூரில் தண்ணீர் கெட்டால் யாரைத் திட்டுவது என்று யோசிக்கவே வேண்டாம். ஓடையின் மேல்பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சாயம் வந்தா நெறம் தெரியுமல்லங்க. தண்ணி தெளிவாத்தானுங்க இருக்குது" என்றார். உப்புக்கு ஏது நிறம் என்று அவரிடம் பெருமையாக விளக்கினேன்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று பாய்லர் அறையில் உண்டு. தினமும் ஷிப்டுக்கு முன்னால் அக்காவின் காட்டோரம் அதை முக்கி, எண்ணைக் காலண்டர் கட்டத்தில் குறித்தேன். ஒரு மாதத்தில் கதை புரிந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண் எகிறும். பிறகு நாளுக்கு நாள் இறங்கும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ஊரே லீவில் இருக்கும்போது எவனோ திறந்துவிடுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, கம்பெனி வேலையை முடித்த கையோடு மீட்டரும் கையுமாக ஓடையோரம் மேலே நடந்தேன். அக்காவின் காட்டருகே எண் உச்சத்தில் இருந்தது. கம்பெனியின் பின்சுவர் வரைக்கும் அப்படியே இருந்தது. சுவரைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து உதறினேன். நாலடி பின்னால் வந்து முக்கினேன். மறுபடி ஏறியது. அந்த நாலடிக்குள் எங்கள் சுவரிலிருந்து ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அது என் குழாய். போர்வெல் தண்ணீரை அப்படியே விட்டால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும் என்று ஒரு சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை அதை உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். வேலை நாளில் நீராவியை நிறுத்த முடியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைகூட ஒரு மூட்டை உப்பைக் கொட்டிவிட்டுத்தான் திருடனைப் பிடிக்கக் கிளம்பியிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை.

காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது, மறைக்க மாட்டேன். மறுநாள் அக்காவிடம் போய், "உங்க கீரையைக் கருக்குனது நாந்தாங்க்கா" என்றேன்.

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒரு மாசமா தெனமும் வந்து முக்கிமுக்கிப் பாத்தது உங்களையே புடிக்கத்தானுங்களா, தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேனேஜர் காலண்டரை இரண்டு தடவை பார்த்தார். அவர் வீட்டிலும் விவசாயம் உண்டு, அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே குழாயை அடைத்தோம். கழுவிய உப்புத் தண்ணீர் வெயிலில் வற்றட்டும் என்று மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துப் பாத்தி கட்டினேன். இரண்டு நல்ல மழை வந்து அக்காவின் மண்ணைக் கழுவிக் கொடுத்தது. திங்கட்கிழமை எண்ணும் மற்ற நாள் எண்ணோடு சேர்ந்துகொண்டது.

அக்கா ஒரே ஒரு பாத்தி கொத்தி, விதையை என் கையில் கொடுத்தார். "நீங்களே தூவுங்க. மொளச்சா எனக்கு, மொளைக்காட்டி உங்களுக்கு" என்றார். ஒரு விதைகூடச் சிந்தாமல் தூவினேன்.

இருபது நாள் அந்தப் பக்கமே போகவில்லை, பயம். இருபத்தோராம் நாள் அவரே கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். முந்தானையில் ஒரு பிடி இளங்கீரை, ஓர் இலையிலும் கருகல் இல்லை.

"அந்தச் செக்கிங் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போடுங்க, தம்பி" என்றார். "நமக்குக் காட்டு வேலையே சரியா இருக்குதுங்க."