அம்மிணி சொன்ன முடிவு

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகம் என்னுடையது. சேலத்தில் படித்துக்கொண்டிருந்த மாமா விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு போதும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அந்த அழுகைக்கு மாமா கண்ட மருந்து அது. அட்டை கிடையாது. கடைசியில் ஏழெட்டுத் தாள்களும் இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகப் பிறந்த ஒரு பெண்ணின் கதை. தம்பியை வேறொரு எசமானுக்கு விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வடக்கே ஓடுகிறாள். அடிமை என்று யாரும் இல்லாத ஊர் அங்கே இருக்கிறதாம். குதிரையில் ஆட்கள் தேடி வருகிறார்கள். நான் படித்துப் படித்து அழுவேன். அழுது முடித்ததும் நன்றாகப் பசிக்கும்.

இப்படி அழுவதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நேரமில்லை. சேலத்துக்குத் தெற்கே, வேலூருக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டி எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அங்கே தோட்டத்துக் கொட்டகையான சாளையின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கும் ஒருத்தி எனக்கு அகப்பட்டாள். அவளும் அவள் புருசனும் எங்கள் பண்ணையாட்கள். அவனுடைய அப்பனும் அப்படியே. அப்பா சொல்லாமல் அவர்கள் வேறொருவர் காட்டில் கால் வைக்க முடியாது. மழை, வெயில் போல அதுவும் ஒரு நடப்பு என்று நினைத்திருந்தேன். நான் சாளைக்குள் கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பேன். அவள் வெளியே மண்ணில் உட்கார்ந்து கேட்பாள். அவளுடைய ஏழு வயது மகன் பக்கத்தில் ஓணானைத் துரத்திக்கொண்டிருப்பான்.

அவள் என்னைப் போல அழவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேள்விதான் கேட்பாள்.

"ஏனுங்க அம்மிணி, அவிய ஆத்தோரமாப் போனாங்களே, தண்ணி வர்ற பக்கமாப் போனாங்களா, போற பக்கமாப் போனாங்களா?"

தாளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன்: "வர்ற பக்கமா."

"தம்பிக்காரன் நடந்தானுங்களா, தூக்கிட்டுப் போனாளுங்களா?"

இன்னொரு நாள் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் கேட்டாள். "மேக்கால மேட்டூர்ல நம்ம ஆத்துக்கு அணை கட்டறாங்களாமே, போறவங்களுக்கெல்லாம் பேரெழுதி வேலை குடுக்கறாங்களா? மாமா ஏதும் சொன்னாருங்களா?" ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டுமாம், எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லையாம் என்று மாமா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வெற்றிலையைத் திருப்பி வைத்தாள். சித்திரை பிறந்ததும் பையனை எங்கள் மாடு மேய்க்க அனுப்பிவிடும்படி பண்ணாடி, அதாவது என் அப்பா, சொல்லியிருப்பதாகவும் அன்றைக்குத்தான் சொன்னாள். இனிமேல் அவனும் தினம் எங்கள் வீட்டுக்கு வருவான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசித் தாளுக்கு வந்தபோது அக்காளும் தம்பியும் ஆற்றின் நடுவில் ஒரு படகில் இருந்தார்கள். அதற்கு மேல் தாள் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, வாசிப்பது போலவே நானாகச் சொன்னேன். எசமானுக்கு நோய் வந்தது; செய்ததை நினைத்து வருந்தினார்; அந்தப் பெண் திரும்பி வந்தாள்; அவளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டார். இதைவிட நல்ல முடிவு எனக்குத் தோன்றவில்லை.

அவள் கை நின்றுவிட்டது.

"அத்தன தூரம் போனவ எதுக்குங்க திரும்பி வந்தா?"

"எசமான்தான் நல்லவராயிட்டாரே!"

"தம்பிக்காரனும் வந்துட்டானுங்களா?"

தம்பியை நான் மறந்தே போயிருந்தேன். "அவனும்தான்" என்றேன்.

"அப்படியே எழுதியிருக்குதுங்களா?"

"ஆமா."

அவள் மறுபடியும் வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தாள். பிறகு, "இல்லீங்க சாமி. அவ வந்திருக்க மாட்டா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்கத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் அவர்களுடைய குடிசை காலியாக இருந்தது. மாடுகளுக்குத் தீவனம் போட்டு, தண்ணீரும் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அப்பா வாசலுக்கும் களத்துக்குமாக நடந்து சத்தம் போட்டார். அவள் இல்லாத சாளையைப் பார்த்துவிட்டு வந்து நான் அழுதுகொண்டிருந்தேன். எப்படியாவது அவள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேட்டூருக்குத்தான் போயிருப்பாங்க. எங்கிட்டக் கேட்டா" என்றேன். அப்பா என் தலையைத் தடவி, "என் கண்ணு" என்றார். அவர் அப்படிக் கொஞ்சுவது அபூர்வம். அன்று பொழுதுக்கும் நான் தரையிலேயே நடக்கவில்லை.

காரியஸ்தர் இரண்டு ஆட்களோடு வண்டி கட்டிக்கொண்டு போனார். ஏழாம் நாள் வெறும் வண்டி திரும்பி வந்தது. ஓடிப்போய், காரியஸ்தர் சொல்வதைக் கேட்க அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"பாத்தமுங்க. கல்லுச் சொமந்துட்டு இருந்தா. புருசனும் அங்கதான் இருந்தான். அணை கட்டற வெள்ளக்காரத் தொர நின்னுட்டு இருந்தாருங்க, கைய வெக்க முடியல. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தமுங்க, வர மாட்டேன்னுட்டாங்க."

"ஒண்ணுமே சொல்லலியா?" என்று நான் கேட்டேன்.

"இங்க இருக்கறம்னு ஆருங்க சொன்னதுன்னு கேட்டா. நம்ம அம்மிணிதான்னு சொன்னனுங்க. நெசமாவா, அம்மிணியான்னு ரெண்டு தடவ கேட்டா. அப்பறம் கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா."

அவள் வராதது துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்னை மறக்கவில்லை, என் பேரை இரண்டு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாள்! அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாமா வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.