நாரையின் காலிலிருந்து நான் அழித்த நரம்பு

ஐ.டி. வேலையில் உட்கார்ந்தே என் முதுகு போனதும், காலையில் ஏரிப்பக்கம் போய்வரச் சொன்னார் டாக்டர். அவர் சொன்னது நடைப்பயிற்சியை. என் காதில் விழுந்தது தூரத்துப் பறவையைப் படமெடுக்கும் டெலிலென்ஸ். அடுத்த ஞாயிறே மேனாம்பேட்டிலிருந்து கிளம்பி, பச்சைத் தொப்பியும் பச்சைச் சட்டையுமாக அம்பத்தூர் ஏரிக்கரையில் பதுங்கினேன். என்னை மிரட்டக்கூடிய விலங்குகள் அங்கே தெருநாய்கள் மட்டும்தான். அவை என் மறைவேடத்தை மதிக்கவில்லை.

எப்போதும் 'ரா' கோப்பாகத்தான் எடுப்பேன். கேமரா கண்டதைப் பூச்சில்லாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. கண்டதை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? வீட்டுக்கு வந்ததும் மென்பொருளில் திறந்து உலகத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வாரம் சிக்கியது ஒரு சாம்பல் நாரை. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது, இளஞ்சிவப்பாக்கினேன். பின்னால் நின்ற மின்கோபுரத்தைத் தூக்கினேன். மின்வாரியத்துக்கே பல நாள் ஆகும் வேலை, எனக்கு நாலு நிமிடம். பிளாஸ்டிக் கவர்கள், தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு எல்லாம் போயின. நாரையின் காலருகே மெல்லிய கோடு ஒன்று உறுத்தியது. அதையும் துடைத்தேன்.

"இது நம்ம ஏரியா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"அப்ப நாம ஏன் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறோம்?"

கலை தெரியாதவளிடம் என்ன பேசுவது? குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். ஆப்பிரிக்காவா என்று கேட்டார் மூன்றாம் மாடிக்காரர். மறுக்க மனம் வரவில்லை.

மறுவாரம் ஏரியில் வலை வீசும் ஒருவரிடம், அவர் கேட்காமலே, படத்தைக் காட்டினேன். ஐம்பதைத் தாண்டியவர். போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, கால்ல நரம்பு சுத்திக்கினு இருந்துச்சே, எங்க காணோம்?"

"என்ன நரம்பு?"

"மீன் புடிக்கிற தூண்டி நரம்புப்பா. ரெண்டு காலும் மாட்டிக்கினு கீது. பறக்க சொல்லோ தடுக்குது. நானும் நாலு நாளா தேடறேன், எங்க போய் குந்துதுன்னே தெர்ல. நீ எங்க பாத்தே?"

லென்ஸுக்குள்ளேயே கண்ணை வைத்திருந்ததால் கரையில் எந்த இடம் என்று எனக்கு நினைவில்லை. படத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சிகூட இல்லை. நானே அத்தனையையும் சுத்தம் செய்திருந்தேன். மாநகராட்சி என்னை வேலைக்கு எடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு ஓடி மூலக் கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கியிருந்தது நரம்பு. இறுகிய இடத்தில் தோல் கிழிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதன் கண்ணில் ஒளி போதவில்லை என்றுதான் கவலைப்பட்டேன்.

திருத்தாத படத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குத் திரும்பினேன். மின்கோபுரத்தைப் பார்த்ததுமே அவருக்கு இடம் தெரிந்துவிட்டது. முழங்கால் சேற்றில் இருவரும் இறங்கினோம். கோபுரத்துக்கு அந்தப் பக்கம், ஆகாயத்தாமரை நடுவே நின்றிருந்தது நாரை. எழ முயன்று தடுக்கி விழுந்த நேரம் பார்த்து வலையை வீசினார்.

"மூக்க புடி! கண்ண கொத்திரும்!"

பிடித்தேன். அதற்குள் புறங்கையில் ஒன்று போட்டுவிட்டது. அவர் பிளேடால் நரம்பைச் சிறிது சிறிதாக அறுத்தார். என் கழுத்தில் விலையுயர்ந்த கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளிலும் நாரை. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் படம் ஒரு முழத் தூரத்தில் நடந்துகொண்டிருக்க, நான் அலகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விட்டதும் சற்று நொண்டியது. பிறகு தாழப் பறந்து அக்கரைக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்து நன்றியெல்லாம் சொல்லவில்லை.

கரையேறியதும் அவர் கைகழுவி, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "என்னிய ஒரு படம் புடி" என்றார். எடுத்தேன். திரையில் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"கம்ப்யூட்டர்ல போட்டு இந்த தல நரைய மட்டும் கருப்பாக்கிக் குடுப்பா. பொண்ணுக்கு அனுப்பணும்."

அன்று மாலையே ஆக்கிக் கொடுத்தேன். மீசைக்கும் சேர்த்து.