வயல் சேற்றில் பதித்த கம்பி

எங்கள் வயல் சேற்றில் மின்சாரம் இருக்கிறது என்று சொன்னால் அனுமந்தன்பட்டியில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பிய ஒரே ஆள் என் சித்தப்பா. அதனால்தான் அப்பாவின் மண்டை உடைந்தது.

காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், தின்றதில் மிஞ்சும் எலெக்ட்ரான்களை வெளியே தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் அவற்றுக்கு மூச்சு முட்டும். அதற்காக முடியைவிடப் பல மடங்கு மெல்லிய புரதக் கம்பிகளை நீட்டி, பக்கத்து பாக்டீரியாவிடமோ இரும்புத் துணுக்கிடமோ கொடுத்துவிடும். என் ஆராய்ச்சி அதுதான். நாற்று நட்ட வயலில் கார்பன் துணியைப் புதைத்து, மின்சாரத்தை அளக்க இரண்டு கம்பிகளை வரப்புக்கு இழுத்துவைத்திருந்தேன். டார்ச் பேட்டரியில் பாதிகூட வராது.

அடுத்த வயல் சித்தப்பாவுடையது. போன வருஷம் மலையடிவாரச் சோளக்காட்டில், காட்டுப்பன்றிக்காக எவனோ திருட்டுக் கரண்டு விட்ட கம்பியை அவர் மகன் பிடித்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் கத்தினார்களே தவிர, ஒரு காய்ந்த கட்டையால் அவன் கையைத் தட்டிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை. வரப்பில் கம்பியைக் கண்டால் வெட்டி எறிவார்.

அன்று காலை மீட்டரோடு நானும் அப்பாவும் போனபோது அவர் மண்வெட்டியோடு நின்றார்.

"வரப்புல கரண்டு விட்டுருக்கியாடா, கொலைகாரப் பயலே!"

"ஏலே, அது நம்ம புள்ள படிப்புக்கு வச்சதுடா" என்று அப்பா கிட்டே போனார். மண்வெட்டியின் பின்பக்கம் அவர் தலையில் விழுந்தது. சேற்றில் சரிந்தார். ரத்தம் காதோரம் வழிந்தது. சித்தப்பா மறுபடி ஓங்கினார்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. கல் கிடைத்திருந்தால் அவர் மண்டையைப் பிளந்திருப்பேன். குனிந்து இரண்டு கம்பி முனைகளையும் ஈரக் கையால் இறுக்கிப் பிடித்தேன்.

"இங்கன பாருங்க சித்தப்பா! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் காதில் அது ஏறவில்லை. முகம் வெளுத்துப் போனது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வந்து, மரக்காம்பால் என் கையில் ஓங்கி அடித்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கம்பி கீழே விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தன் மகன் பெயரைச் சொல்லி, "விட்டுருய்யா, விட்டுருய்யா" என்று அழுதுகொண்டே அடித்தார்.