ஹவ்வா உம்மா தேடிய கடைசிப் பக்கம்

எங்கள் தண்ணீரூற்று ஊரில் ஹவ்வா உம்மா நம்பிய மனிதர் ஒரேயொருவர்தான், அவருடைய தம்பி ஜெமீல். மற்ற எல்லாரும் கள்ளர். மீன் வாங்கப் போனால் தராசைத் தூக்கி அடியைப் பார்ப்பார். தபால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பார். கிராமச்சங்க வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்த என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஒரே மகள் நாச்சியா, முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாவில் மூன்று வயதில் போய்விட்டாள். படம் இல்லை, பதிவுத் துண்டும் இல்லை. உம்மாவின் வாப்பா, அறபு எழுத்தில் தமிழ்ப் பாட்டுகள் எழுதிவைத்த ஒரு கிதாபின் கடைசிப் பக்கத்தில் பேத்தியின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதியிருந்தார். பிள்ளை இருந்ததற்கு அது ஒன்றே அடையாளம்.

ஐம்பத்தோராம் ஆண்டு மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருவர் பழைய கையெழுத்துப் பிரதிகள் தேடி வந்து ஜெமீல் வீட்டில் தங்கினார். அவர் போனதோடு கிதாபும் போனது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்றார் ஜெமீல். ஏதோ ஒரு சர்வகலாசாலையாம், பெயர் நினைவில்லையாம். ஆங்கிலத்தில் இரண்டு கடிதமும் எழுதிப் போட்டாராம், பதில் இல்லையாம்.

அறுபத்துமூன்றில் ஒருநாள் உம்மா வாசிகசாலை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி பரமலிங்கம், உலகத்தில எத்தினை சர்வகலாசாலை இருக்கு?”

நான் என்னத்தைக் கண்டேன்! ஆனால் பேப்பர் காற்றில் பறக்காமல் இருக்க நான் பாரம் வைக்கும் தடித்த ஆங்கிலப் புத்தகம் நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தந்துவிட்டுப் போனது. திறந்து பார்த்தால் நாடு, ஊர், கல்லூரி, அதன் நூலகம், அங்கே உள்ள சேகரிப்புகள், யாருக்கு எழுத வேண்டும் என்று எல்லாம் வரிவரியாக இருக்கிறது. ஏழு வருஷம் அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்திருக்கிறேன், வெட்கக்கேடு.

தமிழ், அறபுக் கையெழுத்துப் பிரதிகள் உள்ள இடங்களாகத் தேடிப் பென்சிலால் கோடிட்டேன். நாலு நாளில் பதினொன்று அகப்பட்டன. உம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதில போட்டிருக்கிறது உண்மையெண்டு ஆர் கண்டது?”

“அச்சடிச்ச புத்தகம் அக்கா.”

“அச்சடிச்சவன் என்ன வானத்து மலக்கா, பொய் சொல்லாமல் இருக்க?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருந்தாலும் பதினொரு கடிதமும் எழுதினேன். தபால் கந்தோருக்கும் கூடவே வந்து, ஒவ்வொரு முத்திரையிலும் சீல் விழும்வரை நின்று பார்த்தார்.

ஏழாவது பதில் தென்னிந்தியக் கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து வந்தது. கிதாபு பத்திரமாக இருக்கிறது, 1951இல் ஜெமீல் என்பவர் நிரந்தர அன்பளிப்பாகத் தந்தது என்று எழுதியிருந்தார்கள். ஜெமீல் பெயரை மறைத்திருக்கலாம். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

உம்மாவின் முகம் கறுத்துப்போனது. “உனக்கு இங்கிலீசு தெரியுமெண்டு ஆர் சொன்னது? இஞ்ச தா. என்ர தம்பி வாசிக்கட்டும்.” கடிதத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சந்தைக்குள், அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பிடித்தார்.

“அங்க அப்பிடி ஒரு கிதாபும் இல்லையாம். ஜெமீல் வாசிச்சவன். எங்கட குடும்பத்தைப் பிரிக்கச் சொல்லி உனக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“கடிதத்தைக் கொண்டுவாங்கோ, வேற ஆரையும் கொண்டு வாசிப்பிப்பம்.”

“அவன் கிழிச்சுப் போட்டான். பொய்க் கடுதாசி என்னத்துக்கு?”

நான் பொல்லாத கோபக்காரன். அன்று பின்னேரமே அந்த நூலகத்துக்குத் திரும்பவும் எழுதினேன். கிதாபின் கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். உம்மாவுக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆனால் வாப்பாவிடம் படித்த அந்த அறபு எழுத்துத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அதில் ஒரு புள்ளிகூடப் புரியாது. அது நல்லதாகப் போயிற்று, நான் மாற்றி வாசித்தேன் என்று சொல்ல இடமிருக்காது.

மூன்று மாதத்தில் படம் வந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தவரின் முன்னால் படத்தை வைத்தேன்.

உம்மா விரலை வைத்து வாசித்தார். “நாச்சியா” என்றார். பிறகு, “வெள்ளிக்கிழமை. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு.” கண்ணீர் படத்தில் விழாமல் முந்தானையை ஏந்திக்கொண்டார். எனக்கு, வென்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதையும் மறைக்கமாட்டேன்.

விரல் இன்னும் கீழே போனது. அங்கே வேறு மையில் இரண்டு வரி இருந்தது. அதில் விரல் நின்றுவிட்டது.

“என்னக்கா?”

“கிதாபை மனமொப்பிக் குடுத்தனெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கு.”

“ஆர் எழுதினதெண்டு தெரியுதோ?”

“தெரியாமல் என்ன?” என்றார் உம்மா. “அவனுக்கு இந்த எழுத்தை நான்தான் கைபிடிச்சு எழுதப் பழக்கினனான்.”