அம்பு விழுந்த பட்டாம்பூச்சி

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கும் சாரதாமணிக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சிரித்தார்கள். மேஜையில் சிரித்தார்கள், சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும் பொம்பளையை ஊர் வேறெப்படிப் பார்க்கும்? அவள் சட்டை பண்ணவில்லை. நாள் முழுக்கத் துணியைப் புரட்டி, ஓட்டையும் கறையும் இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்துப் போடுகிற கண் அது. அந்தக் கண்ணுக்கு நல்லதாக ஒன்றைப் பார்க்க ஆசை இருக்காதா?

இன்னொரு ஆசையும் இருந்தது. அவள் பார்த்து அனுப்பிய லட்சக்கணக்கான உருப்படிகளில் ஒன்றிலாவது அவள் பேர் உண்டா? எல்லாவற்றிலும் எவனோ வெளிநாட்டான் பேர். பட்டாம்பூச்சிப் பட்டியல் ஒன்றில் ‘கண்டவர்: சாரதாமணி’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள்.

போன ஆவணியில், பட்டாம்பூச்சி பார்க்கப் போகும் குழு ஒன்றோடு வால்பாறை போனாள். தலைவர் சண்முகவேல், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கழுத்தில் தொங்கிய கேமரா தையல் மெஷின் கனம் இருக்கும். தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. சாரதாமணி நின்றுவிட்டாள்.

“சார், இங்க வாங்களே. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. அதுக்கு வெள்ளப் பட்டை நடுவுல மயிராட்டம் ஒரு கோடு ஓடுதுங்க. இதுக்கு இல்லீங்க.”

அவர் குனியக்கூட இல்லை.

“ரெண்டும் ஒரே வகைதாம்மா. வெளிச்சத்துல அப்படித் தெரியும். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.”

யாரிடம் போய் வெளிச்சம் என்கிறார்! நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி நெடுக விழும் இழைக்கோட்டை, நீடில் லைனை, டியூப் லைட் அடியில் பிடித்துக் கொடுப்பவள் அவள். வீட்டுக்கு வந்ததும், அங்கே போனில் பிடித்திருந்த இரண்டு படங்களையும் திறந்தாள். கோடு இருந்ததில், பழகின கையால், கோட்டைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு வரைந்தாள். மற்றதைச் சுத்தமாக விட்டாள். ‘ரெண்டும் வேற வேறங்க சார், நல்லாப் பாருங்க’ என்று எழுதி அவருக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. கோடு இல்லாதது உயர்ந்த மலைகளில் மட்டும் இருக்கிற அபூர்வ வகை என்று அவளே நாலு புத்தகம் புரட்டிக் கண்டுபிடித்தாள்.

தை மாதம் அனுப்பர்பாளையம் மண்டபம் ஒன்றில் குழுவின் புத்தக வெளியீடு. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் எடுத்த படம், முழுப் பக்கத்துக்கு. கீழே: ‘கண்டவர், படம்: சண்முகவேல்.’

என்ன நெஞ்சழுத்தம்! அவள் வரைந்த அம்பைக்கூட அழிக்கவில்லை அந்த மனிதர்.

மேடையில் அவர் மைக் பிடித்தார். “அம்புக்குறி காட்டுற கோட்டைப் பாருங்க. இந்தக் கோடுதான் இந்த அபூர்வ வகையோட அடையாளம்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டில் ஒன்று அபூர்வம் என்று பிறகு எங்கோ தெரிந்துகொண்டவர், எடுத்துப் போட்டிருப்பது கோடு உள்ளதை. செக்கிங் மேஜையில் அம்பு விழுந்தால் அது கழிவு. நல்ல பீஸுக்கு யாராவது அம்பு ஒட்டுவார்களா? படித்தவருக்கு அம்பு என்றால் அருமை போலிருக்கிறது.

எழுந்துவிட்டாள். “சார், அது நான் எடுத்த படமுங்க.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். “குழுவுக்கு வர்ற படமெல்லாம் பொதுதாம்மா. அடுத்த பதிப்புல உங்க பேரையும் சேர்த்துடலாம்.”

“அந்தப் படத்துக்கு என்ர பேரு வேண்டாமுங்க. அது எங்கூட்டு வேலியில பறக்கறதுங்க. கோடு இருந்தா சாதா. அதுக்குத்தான் அம்பு போட்டேன். கோடு இல்லாததுதானுங்க அபூர்வம், இந்தா இருக்குது.” போனை உயர்த்திக் காட்டினாள். “அன்னைக்கு நீங்க குனிஞ்சு பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க.”

முன்வரிசையில் இருந்த விலங்கியல் ஆசிரியை கலைமகள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கைப்பையிலிருந்த கையேட்டைப் புரட்டினார். “இவங்க சொல்றதுதான் சரிங்க சார்.”

சண்முகவேல் தண்ணீர் குடித்தார். பிறகு குரலை இறக்கி, “அந்தப் படத்தை நான் அழிச்சுட்டேன், திரும்ப எனக்கு அனுப்பும்மா. நம்ம ரெண்டு பேரு பேர்லயும் போட்டுக்கலாம்” என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! சாரதாமணி கலைமகளிடமிருந்து போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் பட்டையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். அவர் முன்னால் இருந்த புத்தகத்தை நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குத் திருப்பி, ஒரு சிவப்பு அம்பை உரித்தாள். படத்தின்மேல் ஒட்டவில்லை. அதற்குக் கீழே, அவர் பேரைக் காட்டி ஒட்டிவிட்டு இறங்கினாள்.